ஆதார நிரலில் நான் எழுதிய இரண்டு சொற்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்துப் பழங்குடிகளின் பண்பாடு, காணி உரிமை பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முண்டா மக்களின் புதைகல் பற்றிய பகுதி வந்ததும் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சசன்திரி என்று அந்தக் கல்லுக்குப் பெயர். சசன் என்றால் புதைகாடு, திரி என்றால் கல். இறந்தவர்களின் எலும்பை அடியில் வைத்து மேலே பெரிய பாறைப் பலகை ஒன்றைக் கிடத்துகிறார்கள். ஒரு குடியின் கல் எந்த ஊரில் கிடக்கிறதோ, அந்த ஊர்க் காட்டை முதலில் வெட்டித் திருத்தியவர்கள் அந்தக் குடியின் முன்னோர். அவர்களுக்கு அந்தக் கல்தான் பட்டா.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் 29 வருடம் காணிக் கிளைகளில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். உறுதி, பேமிட் என்கிற அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம், நில அளவைப் படம் என்று கடதாசிகளோடேயே என் காலம் போனது. அதனால்தான் அந்தக் கல் என்னை விடவில்லை. மாவட்டத்தின் வடக்கே வாகரைப் பக்கத்தில், இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர் சனங்களிடம் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைப் பத்திரிகையில் எழுதினால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது.

சண்டை முடிந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் ஒன்று. வாகரைக்கு உள்பக்கமாக ஒரு கிராமத்தில் காணிக் கச்சேரி, அதாவது காணி கேட்பவர்களை நேரில் விசாரிக்கிற அமர்வு, வைத்தோம். கிராமத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் நான் சொல்லப்போகிற அம்மாவை எல்லாரும் அடையாளம் கண்டுவிடுவார்கள். பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறை. கூரையில் பாதித் தகரம் இல்லை. அதிகாரி ஒரு மேசையில், நான் பக்கத்து மேசையில். விதானையார், அதாவது கிராம அலுவலர், இலக்கத்தைக் கூப்பிட ஒவ்வொருவராக வந்தார்கள். காலையிலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் வேடர் வம்சத்தவர்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கையில் மூடி துருப்பிடித்த ஒரு லக்ஸ்பிரே பால்மா டின். மேசையில் வைத்து, விரல் நகத்தால் மூடியை நெம்பித் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பழைய கூப்பன் அட்டை ஒன்று. பிள்ளையின் கிளினிக் அட்டை. இடம்பெயர்ந்திருந்தபோது நிவாரணத்துக்குத் தந்த அட்டை, மடிப்பு மடிப்பாகப் பிய்ந்து ஊசி நூலால் தைத்தது. அவ்வளவுதான். காணி சம்பந்தமாக ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. "வேற ஏதும் இருக்கா அம்மா?" என்று கேட்டேன். டின்னைக் கவிழ்த்துக் காட்டினார். கொஞ்சம் துருத்தூள் விழுந்தது.

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்கட அப்பன் நட்ட புளி நிக்குது மனே. அவரைத் தாட்ட இடமும் அதுக்குக் கிட்டத்தான். ரெண்டு கூப்பாட்டுத் தூரம். வந்து பாருங்களன்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நாற்பது பேர் வெளியே நின்றார்கள். நான் 'ஆதாரம்' என்ற நிரலில் 'ஆவணம் இல்லை' என்று எழுதினேன். அடுத்த நிரலில் 'அத்துமீறிய குடியிருப்பு' என்று எழுதினேன். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "எழுதியாச்சா மனே?" என்று கேட்டார். "ஓம் அம்மா" என்றேன். சந்தோஷமாக டின்னை மூடிக்கொண்டு போனார்.

புளியைப் பார்க்க நாங்கள் போகவில்லை.

அந்த அதிகாரியையோ அலுவலகத்தையோ குறை சொல்ல இதை எழுதவில்லை. படிவம் அப்படித்தான் இருந்தது, படிவத்துக்குப் பின்னால் இருக்கிற சட்டமும் அப்படி. வெள்ளைக்காரன் 1840 இல் கொண்டுவந்த 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரியது என்று எடுத்துக்கொண்டது. இல்லையென்று சொல்பவன்தான் நிரூபிக்க வேண்டும். சில வருடம் விட்டு விட்டுப் பயிர் வைக்கிற சேனை நிலத்தையும் எங்கள் பகுதிகளில் தரிசுக் கணக்கிலேயே சேர்த்தது. வேடர் சனங்களின் வாழ்க்கை முழுவதும் அந்த விட்டு விட்டுப் பயிர் வைப்பதில்தான் இருந்தது. ஒரு துண்டை வெட்டிச் சுட்டு, குரக்கனும் சோளனும் போட்டு, இரண்டு போகம் எடுத்து, அப்புறம் அதை ஆறவிட்டுப் பக்கத்துத் துண்டுக்குப் போவார்கள். ஆறவிட்ட வருடங்களில் அதில் தேன் எடுப்பார்கள், கிழங்கு கிண்டுவார்கள். மண்ணுக்கு ஓய்வு கொடுத்த காலத்தைச் சட்டம் 'ஆளில்லாத காலம்' என்று படித்துவிட்டது.

அந்தப் பழைய சட்டத்தை விடுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாங்களே எழுதியது ஒன்று இருக்கிறது: 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் ஆட்சி மீளப்பெறல் சட்டம். ஒருவரை அரச காணியிலிருந்து எழுப்ப வேண்டுமென்றால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடுவார்கள். அங்கே அவர் என்ன சொல்லலாம்? செல்லுபடியாகும் பேமிட் இருக்கிறது, அல்லது அரசு எழுத்தில் தந்த வேறு அதிகாரம் இருக்கிறது என்று மட்டும் காட்டலாம். "என் அப்பனைத் தாட்ட இடம்" என்று அங்கே சொல்வதற்கு வழியே இல்லை. இந்தச் சட்டத்தில் எத்தனை அறிவித்தல்களை நானே தட்டச்சு செய்திருக்கிறேன்.

இப்போது இந்தியாவுக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையாளர் ஜார்க்கண்டோடு நிறுத்திக்கொண்டார். அந்த நாடு முழுவதுக்குமாக 2006 இல் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டத்தையும் அதன் விதிகளையும் என் மருமகன் போனில் எடுத்துத் தந்தார். விதிகளில் 13 ஆவது விதி, என்னென்ன ஆதாரத்தை ஏற்கலாம் என்று சொல்கிறது. அதை நான் மூன்று நாள் வைத்து வாசித்தேன். அரசாங்கப் பதிவேடு, அடையாள அட்டை எல்லாம் முதலில் வருகிறது, சரி. அப்புறம் வருகிறது பாருங்கள்: வீடு, குடிசை, நிலத்தைச் சமப்படுத்திய அடையாளம், கட்டிய வரம்பு. பழைய கிணறு. புதைகாடு. வழிபாட்டு இடம். வம்சாவளி. உரிமை கேட்பவர் அல்லாத வேறொரு முதியவர் வாயால் சொன்னதை எழுதி எடுத்த வாக்குமூலம். ஆய்வாளர்கள் அந்த மக்களின் வழக்கங்களைப் பதிந்து வைத்த எழுத்து. ஊர் முழுவதும் சேர்ந்து கேட்கிற உரிமை என்றால் கிழங்கு கிண்டிய இடம், மீன் பிடித்த இடம், மருந்து பறித்த இடம், புனித மரம், குளம். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் இருந்தால் கிராம சபை அதைப் பரிசீலிக்க வேண்டும்.

அந்த அம்மா டின்னைக் கவிழ்த்துவிட்டுச் சொன்ன இரண்டு வரியை எடுத்து இந்தப் பட்டியலோடு ஒட்டிப் பார்த்தேன். அப்பன் நட்ட மரம், அப்பனைத் தாட்ட இடம், அதையே ஊரில் வேறொரு முதியவரும் சொல்லியிருந்தால் அந்த வாய்மொழி. அங்கே என்றால் அவருக்கு ஆதாரம் உண்டு. இங்கே நான் 'ஆவணம் இல்லை' என்று எழுதினேன்.

இந்தியாவில் எல்லாம் நேராக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் கேட்டவர்களில் பெருந்தொகையானவர்களின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி 2019 பெப்ரவரி 13 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நடுங்கின. பெப்ரவரி 28 ஆம் திகதி அதே நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஜார்க்கண்டிலும் பாருங்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த முண்டாத் தலைவர் பிர்சா முண்டா 1900 இல் ராஞ்சிச் சிறையில் இறந்தார். எட்டு வருடம் கழித்து, 1908 இல், சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. காட்டை வெட்டித் திருத்திய முண்டாக் குடிகளின் உரிமையை அது ஏற்றது, பழங்குடிக் காணி வெளியாருக்குப் போவதையும் கட்டுப்படுத்தியது. அதையே மாற்ற 2016 இல் அந்த மாநில அரசு மசோதா கொண்டுவந்தது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போது அங்கே ஆளுநராக இருந்தவர் சந்தால் சமூகத்தைச் சேர்ந்த திரௌபதி முர்மு. 2017 இல் அந்த மசோதாவைத் திருப்பி அனுப்பினார். இன்றைக்கு அவர் அந்த நாட்டின் குடியரசுத் தலைவர். ஆக, சட்டம் இருந்தாலும் சனம் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சட்டம் இருப்பதால் அவர்களுக்கு நின்று பேச ஒரு தளம் இருக்கிறது. வாகரை வேடருக்கு அந்தத் தளமே இல்லை.

பக்கத்து மாநிலமான ஒடிசாவில் நியம்கிரி மலை என்று ஒன்று. பொக்சைட் அகழ வந்தார்கள். டோங்ரியா கோந்து மக்களுக்கு அந்த மலை தெய்வம். மலையில் அவர்களுக்கு இருக்கிற வழிபாட்டு உரிமையைக் கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்று 2013 ஏப்ரல் 18 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 ஊர்களில் சபை கூடியது. 12 ஊரும் வேண்டாம் என்றன. வாகரையில் இல்மனைட் என்ற கனிம மணல் அகழ்வதற்கும் இறால் பண்ணைக்கும் எதிராக நம் சனங்கள் பதாகை பிடித்து வீதியில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு அந்த 12 ஊர்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்று என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றபின் ஒரு முறை அதே கிராமத்துச் சடங்குக்குப் போனேன். அந்த அம்மாவின் மகன் கூப்பிட்டிருந்தார். வளவுக்கு வெளியே, காட்டு ஓரமாக, பச்சைக் கொப்பு வெட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். கம்பு நட்ட இடங்களில் பழைய குழிகள் தெரிந்தன. ஒவ்வொரு வருடமும் அதே குழியில்தான் கம்பை இறக்குகிறார்கள். உள்ளே மடை. வெற்றிலை, பாக்கு, இளநீர், வாழைப்பழம், ஒரு போத்தலில் தேன். தென்னம்பாளை பிளந்து வைத்திருந்தது. குமார தெய்வத்துக்கு ஒரு பக்கம், கன்னிமாருக்கு ஒரு பக்கம். ஒரு பொடியன் பெற்றோல்மாக்ஸ் விளக்குக்குக் காற்று அடித்துக்கொண்டே இருந்தான்.

சடங்கை நடத்துகிற கட்டாடியார் மெலிந்த மனிதர். பகலில் பார்த்தால் பனிச்சங்கேணிப் பக்கம் தூண்டில் போடுகிற சாதாரணக் கிழவர். உடுக்கு ஏறியதும் குரல் மாறியது. முன்னோரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். தொழில் புத்தி, நான் விரல் விட்டு எண்ணினேன். பதினொரு பெயர் வரை எண்ணினேன். அதற்கு மேல் வந்தவை ஆளின் பெயரா, மரத்தின் பெயரா, தெய்வத்தின் பெயரா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. சில சொற்கள் தமிழே இல்லை. சுற்றி இருந்த பெண்கள் அந்த இடங்களில்தான் தலையைக் குனிந்து கையெடுத்தார்கள்.

விடியப்புறம் தண்ணீர் தெளிக்கும் நேரம் வந்தது. பந்தலில் இருந்து ஐம்பது அறுபது யார் தள்ளிப் பழைய கேணி ஒன்று இருக்கிறது. கட்டு இல்லை, தரையோடு தரையாக ஒரு பள்ளம், சுற்றிவர வம்மி மரம். அந்தத் தண்ணீர்தான் வேண்டும். குழாய்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. இரண்டு பொடியன்கள் குடத்தோடு கிளம்பினார்கள். அவர்கள் போன விதம் எனக்கு வித்தியாசமாகப் பட்டது. டோர்ச் அடிக்கவில்லை, பேசவில்லை, குனிந்து போனார்கள். மகனிடம் கேட்டேன். "எல்லைக்கல் போட்டிருக்காங்க ஐயா. கேணி இப்ப அங்கால" என்றார். காலையில் போய்ப் பார்த்தேன். பந்தலுக்கும் கேணிக்கும் நடுவில் வெள்ளை பூசிய சீமெந்துக் கல், அதில் ஒரு இலக்கம். முந்தின வருடம்தான் நட்டிருக்கிறார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் சடங்கு, அந்தப் பக்கம் சடங்குத் தண்ணீர். நட்டவர்கள் எந்தத் திணைக்களம் என்று நான் எழுதவில்லை. அவர்களிடம் இருந்த வரைபடத்தில் கேணி இல்லை. இருந்திருந்தால் கல் வேறு இடத்தில் விழுந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

அந்த இரவில் நான் பார்த்தவற்றை மேலே சொன்ன 13 ஆவது விதியில் வைத்துப் பாருங்கள். வழிபாட்டு இடம், பழைய கேணி, வம்சாவளி, புனித மரம், முதியவரின் வாய்மொழி. எல்லாம் ஒரே இரவில், ஒரே பந்தலடியில் இருந்தன.

ஊர்ப் பெயர்களையும் பாருங்கள். பனிச்சங்கேணி, மாங்கேணி, காயாங்கேணி. ஒவ்வொன்றிலும் ஒரு நீர்நிலை. வம்மிவட்டவான் என்ற பெயரில் வம்மி மரம் இருக்கிறது. கால்நடையாகக் காட்டில் திரிந்த ஒருவருக்கு எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதுதான் இந்தப் பெயர்களில் இருக்கிறது. இந்தப் பெயர்களை முதலில் வைத்தவர் வேடர்தான் என்று சாதிக்க நான் மொழி படித்தவன் இல்லை. ஆனால் நில அளவைப் படம் வருவதற்கு முன்பே இங்கே ஆள் இருந்தார், தண்ணீரையும் மரத்தையும் தெரிந்து வைத்திருந்தார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எழுத்துத்தான் வேண்டும் என்றால் எழுத்தும் இருக்கிறது. செலிக்மன் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் மனைவியும் 1911 இல் வெளியிட்ட ஆய்வில் கிழக்குக் கரையோர வேடருக்கென்று தனிப் பகுதி உண்டு. கடலோடு சம்பந்தப்பட்ட கப்பல் தெய்வங்களைக்கூட அதில் பதிந்திருக்கிறார்கள். அதாவது நூறு வருடத்துக்கும் முன்பே இந்தச் சனங்கள் இந்தக் கரையில், தங்கள் தெய்வங்களோடு இருந்ததை அந்நியர் வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள்தான் எழுதவில்லை.

உங்கள் கட்டுரையில் பழங்குடிகளின் சர்ணா வழிபாடு பற்றியும் இருந்தது. சால மரத்தோப்பில் வழிபடுகிற அந்த மக்கள், குடிசன மதிப்பீட்டில் தங்கள் வழிபாட்டுக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று கேட்கிறார்கள்; ஜார்க்கண்ட் சட்டசபை 2020 நவம்பர் 11 ஆம் திகதி அதற்குத் தீர்மானமே போட்டது. பழங்குடிகள் அந்த மாநிலத்தில் நூற்றுக்கு 26 பேர். அவர்களுக்கே எண்ணப்படுவது இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கிறது. இங்கே பாருங்கள். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் வேடர் என்று 5,332 பேர். 1946 இல் 2,361. 1963 இல் வெறும் 400. அத்தனை பேரும் செத்துப்போனார்களா? இல்லை. பக்கத்து நிரல்களுக்குப் போய்விட்டார்கள். பெரும்பாலும் உள்நாட்டில் இருந்தவர் சிங்களவர் நிரலுக்கு, கரையில் இருந்தவர் இலங்கைத் தமிழர் நிரலுக்கு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டு அட்டவணையில் இலங்கைச் செட்டிக்கு ஒரு வரி உண்டு, பரதருக்கு ஒரு வரி உண்டு. அது நியாயம், அவர்களுக்கு வேண்டும். வேடருக்கு அதில் வரி இருக்கவில்லை. 'ஏனையோர்' என்ற வரிக்குள்தான் போக வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நம்மவர்கள் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். தமிழ் பேசுகிற சனத்தைப் பிரித்து நம் தொகையைக் குறைக்கிற வேலை இது என்பார்கள். இனப் பிரச்சினையில் அடிபட்ட மண்ணில் அந்தப் பயம் வருவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சனங்களின் வீட்டுமொழி தமிழ். சண்டையில் நம்மோடு ஓடினார்கள், சுனாமியில் நம்மோடு செத்தார்கள். 2006 இலும் 2007 இலும் வாகரையை விட்டு நடந்தவர்களின் வரிசையில் அவர்களும் இருந்தார்கள். தமிழராகவும் இருந்துகொண்டு வேடராகவும் இருக்க அவர்களுக்கு முடியும். நிரலுக்குத்தான் அது முடியவில்லை. தாய்வழிக் குடி பார்க்கிற மட்டக்களப்பில் வேடக்குடி என்று ஒரு குடியே உண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் வரலாற்றை எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் திகடன் என்ற வேடனில் இருந்துதான் தொடங்கும். தேனுக்காகக் கொக்கட்டி மரத்தை வெட்டினான், இரத்தம் வந்தது, தன் துணியால் கட்டினான் என்பார்கள். முருகன் கோயில்களில் வள்ளியம்மையை வேடர் மகள் என்று கூட்டி வந்து கலியாணம் செய்து வைக்கிறோம். அப்படி இருக்க, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை "வேடன்" என்று கூப்பிட்டால் அது திட்டாகப் போய்விடுகிறது. அந்த மகன் என்னிடம் சொன்னார், எட்டாம் வகுப்போடு நின்றதற்கு அதுதான் காரணம் என்று.

நாட்டில் வேடர் என்றால் எல்லாருக்கும் பதுளை மாவட்டத்துத் தம்பானைதான் தெரியும். அவர்களுக்கு மட்டும் நல்லது நடந்ததா? மாதுறு ஓயாத் தேசியப் பூங்காவை 1983 இல் பிரகடனம் செய்தபோது அவர்கள் வேட்டையாடிய காடு ஒரே நாளில் தடைசெய்யப்பட்ட காடாகிவிட்டது. திசாஹாமி என்ற அவர்களின் பெரியவர் சாகும் வரை அந்த மண்ணை விட்டு எழும்ப மறுத்தார். அம்பாறை மாவட்டத்தில் 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இன்று நாம் சேனாநாயக்க சமுத்திரம் என்று படம் எடுக்கிற தண்ணீருக்கு அடியில் வேடர் திரிந்த காடு கிடக்கிறது. அதே மாவட்டத்தில் பொல்லெபெத்தப் பக்கம் சோளம் போடுவதற்காகக் காட்டை அழித்தார்கள் என்று 2020 இல் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவும் சுற்றாடல் அமைப்பு ஒன்றும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போனார்கள். அவர்களுக்குத் தலைவர் என்று ஒருவர் இருந்தார், நாடு அறிந்த முகமாக இருந்தார், வழக்குப் போட்டார்கள். வாகரை வேடருக்காக யார் வழக்குப் போடுவது?

2007 செப்டம்பரில் பூர்வீகக் குடிகளின் உரிமைப் பிரகடனம் ஐக்கிய நாடுகள் சபையில் வந்தபோது ஆதரவாக வாக்களித்த 144 நாடுகளில் இலங்கையும் ஒன்று. பரம்பரையாக வைத்திருந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. அதே வருடம் ஜனவரியில்தான் வாகரை வெறிச்சோடிக் கிடந்தது.

ஆசிரியர் அவர்களே, சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் வேண்டும். 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'எழுத்தில் தந்த அதிகாரம்' என்பதோடு மேலே சொன்ன ஆதாரங்களையும் சேர்க்கும்படி கிழக்கு மாகாண உறுப்பினர்களாவது ஒரு குரல் கொடுக்க வேண்டும். அது எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பாராளுமன்றம் இல்லாமலே செய்யக்கூடியது இருக்கிறது, அதைக் காணிக் கிளையில் இருந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். காணிக் கச்சேரிப் படிவத்தோடு ஒரு வெற்றுத் தாளை இணைக்க எந்தச் சுற்றறிக்கையும் தடை இல்லை. முதியவர் சொல்வதை அவர் சொல்லில் எழுதி, விதானையாரும் பக்கத்து ஊர்க்காரர் இரண்டு பேரும் கையொப்பம் வைத்தால் போதும். எல்லைக்கல் போடப் போகிறவர்கள் முதல் நாள் கட்டாடியாரைக் கூட்டிக்கொண்டு நடந்து, கேணி எங்கே, புதைகாடு எங்கே, பந்தல் குழி எங்கே என்று போனிலேயே புள்ளி எடுத்து வரைபடத்தில் போடலாம். ஒரு நாள் வேலை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆய்வுக்கு என்று அங்கே போகிறார்கள், படம் எடுக்கிறார்கள். எழுதியதில் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்துவிட்டு வரட்டும். இதைச் சீக்கிரம் செய்ய வேண்டும். அன்றைக்குப் பெயர் சொல்லி அழைத்த கட்டாடியார் இப்போது படுக்கையில் என்று கேள்வி. பொடியன்களில் ஒருவன்தான் கொஞ்சம் பழகி வைத்திருக்கிறானாம்.

அந்த அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் காலமானார். அவர் அப்பன் நட்ட புளிக்குக் கிட்டவே அவரையும் தாட்டார்கள். செத்த வீட்டுக்குப் போனபோதுதான் அந்த மரத்தை முதல் முதலாகப் பார்த்தேன். இரண்டு ஆள் கை கோத்தாலும் அணைக்க முடியாத அடி. வீட்டில் அந்த லக்ஸ்பிரே டின்னை மகன் எடுத்துக் காட்டினார். பழைய அட்டைகளோடு அன்றைக்கு நாங்கள் கொடுத்த காணிக் கச்சேரித் துண்டும் இருந்தது. அதைத்தான் அவர் காணிக் கடதாசி என்று நினைத்து வைத்திருந்திருக்கிறார்.

அவர் அன்று என்னிடம் சொன்னதை, சொன்னபடியே, நான் கேட்டேன் என்றும் அதை எழுதாமல் விட்டேன் என்றும் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். மகனிடமும் சொல்லிவிட்டேன். எந்த அலுவலகம் கேட்டாலும், எந்த நீதிமன்றம் கேட்டாலும், வாழைச்சேனையில் இருந்து வாகரைக்கு பஸ் எடுத்து வந்து சாட்சி சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், காணிக் கிளை,
வாழைச்சேனை.